ஆபரேஷனுக்கு முன்னால் வரும் பயத்துக்கு அக்குபிரஷர்: அம்மாவுக்குச் செய்து பார்க்கலாமா?

கேள்வி இதுதான். 58 வயது அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன். தேதி குறித்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமும் இல்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் "நெற்றிப் பொட்டில் அழுத்தினால் பயம் போய்விடும், வேறு மருந்தே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். இது உண்மையா, எப்படிச் செய்வது, ஏதாவது ஆபத்து உண்டா என்று மகள் கேட்கிறார்.

செய்யலாம். பலனும் உண்டு. ஆனால் அந்தப் பலன் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் பிரயோஜனம், அதைத்தான் உங்களுக்குச் சொன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் ஆபரேஷன் தியேட்டரில் 19 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் தியேட்டர் வாசலில், நோயாளியை உள்ளே அழைக்கும் வரை படுக்க வைத்திருக்கும் அந்த அறையில்தான் கழிந்தது. அங்கே பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் இடம். இரண்டு புருவத்துக்கும் நடுவே, மூக்கின் மேல்முனை நெற்றியில் சேரும் சின்னப் பள்ளம். சீன மருத்துவத்தில் யின்டாங் என்பார்கள். நம்மூர் வர்மத்தில் இதே இடத்தைத் திலர்த காலம் என்பார்கள், அங்கே பலமாக அடிபட்டால் ஆபத்து என்று எச்சரிக்கவும் செய்வார்கள். அதனால் எந்த மரபின்படி பார்த்தாலும் அது மெதுவாகத் தொட வேண்டிய இடம், குத்தி அழுத்துகிற இடம் இல்லை.

பயத்துக்கான ஆராய்ச்சி என்று பார்த்தால் இந்தப் புள்ளியில் ஓரளவு ஒழுங்காக நடந்திருக்கிறது. 2003-இல் கிரீஸ் நாட்டின் ஏதென்ஸில் மயக்கவியல் மருத்துவர்கள் 25 பேருக்கு இந்த இடத்தில் அழுத்திப் பார்த்தார்கள். எல்லோரும் நோயில்லாத, ஆபரேஷன் எதற்கும் வராத தன்னார்வலர்கள். நெற்றியில் ஒட்டி மூளையின் விழிப்பு நிலையை 0 முதல் 100 வரை எண்ணாகக் காட்டும் பிஸ் என்ற மானிட்டர் ஒன்று இருக்கிறது, நன்றாக விழித்திருப்பவருக்கு 90-க்கு மேல் காட்டும், ஆபரேஷன் மயக்கத்தில் 40-இலிருந்து 60-க்குள் இருக்கும். புருவ நடுவில் அழுத்தியபோது அந்த எண் இறங்கியது, மனம் லேசானது போலிருக்கிறது என்று அவர்களும் சொன்னார்கள். சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் அழுத்தியபோது அந்த அளவுக்கு இறங்கவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட முக்கியமானது 2005-இல் லக்னோவில், சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் நடந்தது. ஆபரேஷனுக்கு வந்த நிஜ நோயாளிகள் 76 பேர். பாதிப் பேருக்குப் புருவ நடுவில் 10 நிமிடம், மீதிப் பேருக்குப் பொய்யான ஓர் இடத்தில் 10 நிமிடம். சரியான இடத்தில் அழுத்தியவர்களுக்குப் பதற்றம் நன்றாகவே குறைந்தது. ஆனால் கையை எடுத்து 30 நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்தக் குறைவு நிலைக்கவில்லை.

இந்த 30 நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் பதிலில் பாதி இதுதான். வீட்டில் ஒரு வாரமாகத் தினமும் காலையும் மாலையும் அழுத்திவிட்டு, ஆபரேஷன் அன்றைக்குப் பரபரப்பில் விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரி அழுத்தியது மறுநாள் காலை தியேட்டர் வாசலில் துணைக்கு வராது. பயம் உச்சத்துக்குப் போகும் நேரம் எது என்று எந்தத் தியேட்டர் சிஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்: கவுன் மாற்றியதிலிருந்து மயக்க மருந்து கொடுக்கும் வரை. அந்த நேரத்துக்குத்தான் இது. வீட்டில் செய்வதைப் பழகிப் பார்ப்பதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்தத் தொடுதல் பழக்கமானதாக இருந்தால், அன்றைக்குப் புதிதாக ஒன்று செய்கிறார்களே என்ற கூச்சம் இருக்காது. இரவில் தூக்கம் வராமல் புரளும்போது செய்தாலும் தவறில்லை, அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

எப்படிச் செய்வது? நகத்தை வெட்டிவிடுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அம்மா சாய்ந்தோ படுத்தோ கண்ணை மூடிக்கொள்ளட்டும். தலைமாட்டுப் பக்கம் நின்றுகொண்டு கட்டைவிரலின் சதைப்பகுதியையோ நடுவிரலையோ அந்தப் பள்ளத்தில் வைத்து, சப்பாத்தி மாவு பதம் வந்துவிட்டதா என்று அழுத்திப் பார்ப்போமே, அந்த அளவுக்கு அழுத்தி, தோலைத் தேய்க்காமல் தோலோடு சேர்த்து மெதுவாக வட்டமாக அசைக்க வேண்டும். வலிக்கக் கூடாது. "கனமா இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்று சொன்னால் அதுதான் சரியான அளவு. 10 நிமிடம். விரல் அசந்தால் மாற்று விரல் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்திப் பேசிவிட்டு மறுபடி ஆரம்பிக்காதீர்கள். அழுத்தும்போதே, மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடச் சொல்லுங்கள். அம்மா மறந்துவிடுவார், அதனால் நீங்களும் அவர் காதில் படும்படி அதே மாதிரி மூச்சு விடுங்கள், தானாக உங்களோடு சேர்ந்துகொள்வார்.

தைலம், எண்ணெய், நீலகிரி, கோடாலித் தைலம் எதுவும் நெற்றியில் வேண்டாம். கண் எரியும், மானிட்டர் ஸ்டிக்கர் ஒட்டாது. வெறும் விரல் போதும்.

இன்னொரு இடம் மணிக்கட்டில் இருக்கிறது, உங்கள் அம்மாவுக்கு அது புருவ நடுவைவிட அதிகமாகக்கூட உதவலாம். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டின் மடிப்பு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக அவருடைய மூன்று விரல் அகலம் தள்ளி, நடுவே ஓடும் இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு (உண்மையில் அவை தசைநாண்கள்) இடையில் இருக்கும் புள்ளி. நெய்குவான் என்று பெயர், மருத்துவக் கட்டுரைகளில் பி6 என்று எழுதுவார்கள். இது பயத்துக்கு என்பதைவிட ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் நன்றாகச் சோதிக்கப்பட்ட இடம். 2015-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 59 ஆய்வுகளை, அதாவது 7,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, இந்தப் புள்ளியைத் தூண்டினால் பொய்யான சிகிச்சையைவிடக் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன என்று சொன்னது. பெண்கள், புகை பிடிக்காதவர்கள், லேப்ராஸ்கோபி செய்துகொள்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம், உங்கள் அம்மா மூன்றிலும் வருகிறார் என்றே நினைக்கிறேன். "மயக்கம் தெளிஞ்சதும் வாந்தி எடுத்து தையல் பிரிஞ்சிடுமோ" என்ற பயம் வயிற்று ஆபரேஷனுக்கு வரும் பெண்களிடம் ரொம்பச் சாதாரணம். அதனால் இந்தப் புள்ளியைத் தெரிந்து வைத்திருப்பதே ஒரு தைரியம். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடாத கையாகப் பார்த்துச் செய்யுங்கள். இதற்கென்றே குமிழ் வைத்த கைப்பட்டை விற்கிறார்கள், ஆனால் தியேட்டருக்குள் அதைக் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காதின் மேல்பகுதியில் உள்ள முக்கோணப் பள்ளத்தையும் சிலர் அழுத்தச் சொல்வார்கள். காதுப் புள்ளிகளை வைத்து வியன்னாவில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே செய்து பார்த்திருக்கிறார்கள், மருத்துவமனை வந்து சேரும்போது பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் புதிதாகச் செய்கிறவருக்குக் காதில் இடம் பிடிப்பது கஷ்டம். இரண்டு புள்ளி தெரிந்தால் போதும், பத்து புள்ளி கற்றுக்கொண்டு குழம்ப வேண்டாம்.

இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால், உடம்பில் சி என்ற ஆற்றல் ஓடுகிறது, புள்ளியை அழுத்தினால் அடைப்பு நீங்குகிறது என்பது சீன மரபின் விளக்கம். அப்படி ஓர் ஓட்டத்தை யாரும் உடம்புக்குள் காட்டியதில்லை. பத்து நிமிடம் ஒருவர் அவசரப்படாமல் பக்கத்தில் நிற்பது, முகத்தில் ஓர் இதமான தொடுதல், மூச்சு நிதானமாவது, கவனம் அந்த விரலடிக்குப் போவது, இவை எல்லாம் சேர்ந்த பலன் அதில் பெரிய பங்கு என்பது என் கருத்து. இப்படிச் சொல்வதால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. செலவில்லை, பக்க விளைவு இல்லை என்னும் அளவுக்குக் குறைவு, பயந்திருக்கிற ஒரு மனுஷிக்குக் கொஞ்ச நேர நிம்மதி கிடைக்கிறது. ஆனால் எல்லையும் தெரிய வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2008-இல் எண்டோஸ்கோபிக்கு வந்த 52 பிள்ளைகளுக்குப் புருவ நடுவில் சின்ன மணி ஒட்டிப் பார்த்தது. பயம் குறைந்தது, ஆனால் கொடுக்க வேண்டிய மயக்க மருந்தின் அளவு குறையவில்லை. "மருந்தே வேண்டாம்" என்று சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த "மருந்தே வேண்டாம்" பேச்சைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு வாசலில் பிரஷர் பார்த்தால் 190-க்கு 110. பயத்தால் ஏறியிருக்கும் என்று அரைமணி நேரம் விட்டுப் பார்த்தோம், இறங்கவே இல்லை. அப்புறம் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, தொட்டுக் குணப்படுத்துகிறேன் என்று ஒருவர் மூன்று வாரத்துக்கு முன்பே பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. அந்த அம்மா கவுனோடு திரும்பி வார்டுக்குப் போனபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு ராத்திரி பயத்தைத் தாண்டி வந்தவர், மறுபடி அதே பயத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த மாத்திரையை அன்று காலை போட வேண்டும், எதை விட வேண்டும் என்பதை மயக்க டாக்டர் மட்டும்தான் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரையிலேயே சில வகையை அன்று காலை நிறுத்தச் சொல்வார்கள், சில வகையை ஒரு வாய்த் தண்ணீரோடு கட்டாயம் போடச் சொல்வார்கள். சுகர் மாத்திரைக்கும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைக்கும் தனிக் கணக்கு. அக்குபிரஷர் இவற்றில் எதற்கும் மாற்று கிடையாது. பயத்துக்கென்று முதல் நாள் இரவு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, பயத்தைத் தணிக்கிறேன் என்று அரை டம்ளர் காபி கொடுத்துவிடாதீர்கள். பால் கலந்தது எதுவும் சாப்பாட்டுக் கணக்குதான், 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தைக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

அழுத்தக் கூடாத இடங்களும் ஆட்களும் உண்டு. கழுத்தின் பக்கவாட்டில், துடிப்பு தெரிகிற இடத்தில் யாருக்கும் அழுத்தாதீர்கள், வயதானவர்களுக்குத் திடீரென்று தலைசுற்றி நாடி இறங்கிவிடும். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருப்பவர்களுக்கு அந்தக் கையைத் தொடவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளில் நெறிகட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கையும் வேண்டாம். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் என்றால் தொடுவது மட்டும் போதும், அழுத்தம் வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச்சதையில் அழுத்தும் புள்ளி ஒன்று ரொம்பப் பிரபலம், அதைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்க வேண்டும் என்று அந்த மரபிலேயே சொல்லியிருக்கிறார்கள், உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. அம்மாவுக்கு எதைப் பற்றிப் பயம் என்று கேட்டீர்களா? "ஆபரேஷன்னா பயம்தானே" என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வாசலில் படுத்திருப்பவர்களிடம் நான் நேராகக் கேட்பேன். ஒருவர் "திரும்பக் கண்ணு முழிச்சிருவேனா" என்பார். அடுத்தவர் "நடுவுல முழிச்சிட்டா என்ன பண்றது" என்பார். ஒருவருக்கு உள்ளே ஆம்பளை டாக்டர்கள் முன்னால் துணியில்லாமல் இருக்க வேண்டுமே என்ற கூச்சம். ஒரு பாட்டி, தாலியைக் கழற்றச் சொன்னதிலிருந்து யாரோடும் பேசவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார், அவருடைய பயம் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவரைப் பற்றியது. நான் அவருடைய நெற்றியில் விரல் வைத்தபோது, ஸ்டிக்கர் பொட்டு எடுத்த இடத்தில் வட்டமாக வெளுத்த ஒரு தடம், எத்தனையோ வருடத்துத் தடம், அதன்மேல்தான் என் விரல் இருந்தது. நாலைந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணைத் திறக்காமலே "அவருக்கு சுகர் இருக்கு, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்றார். வெளியே ஆள் அனுப்பி அவரைச் சாப்பிட வைத்து, சாப்பிட்டுவிட்டார் என்று வந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையை நீட்டி, ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை சில்லிட்டிருந்த கை, நரம்பே தெரியாமல் இருந்தது. பயத்தில் தோலுக்குக் கீழே ரத்தக்குழாய் சுருங்கிப் போகும், அதனால்தான் பயந்தவர்களுக்கு வென்ஃப்ளான் போட இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியிருக்கிறது, அது பயத்தை இன்னும் ஏற்றுகிறது. ஒரு போர்வை கேட்டு வாங்கிக் கையைச் சூடாக வைத்திருங்கள், இது அக்குபிரஷர் இல்லை, ஆனால் அதைப் போலவே உதவும்.

அம்மாவின் பயம் மயக்கத்தைப் பற்றியது என்றால், மயக்க டாக்டர் முதல் நாள் பார்க்க வரும்போது நீங்களும் கூட இருந்து அம்மா வாயாலேயே கேட்க வையுங்கள். தூங்கி எழுவது எப்படி இருக்கும், வலிக்கு என்ன கொடுப்பீர்கள், நடுவில் விழிப்பு வருமா, யாராவது பக்கத்திலேயே இருப்பார்களா. ஆபரேஷன் முடியும் வரை மயக்க டாக்டர் தலைமாட்டிலேயே இருந்து நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டதும் பாதி பயம் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவுக்கு மூச்சு முட்டுவது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, அழுகை நிற்காமல் வருவது என்ற அளவுக்குப் போனால் விரலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது, அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதே யேல் குழு 2005-இல் ஆபரேஷனுக்கு வந்த குழந்தைகளின் பெற்றோருக்கு இந்தப் புருவ நடுப்புள்ளியைச் செய்து பார்த்தது, அவர்களுக்கும் பதற்றம் குறைந்தது. நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்களும் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று தோன்றுகிறது. பதறிய கை அம்மாவின் நெற்றியில் பட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் உங்கள் நெற்றியில் 5 நிமிடம் செய்துகொண்டு, அப்புறம் அம்மாவிடம் போங்கள்.

மூக்குத்தியை இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்காகத் திருகாமல் இருந்தால் இறுகிப் போயிருக்கும், ஆபரேஷன் அன்று காலை சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகி, மூக்கு சிவந்து, நேரமாகிறது என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டு, நீங்கள் அழுத்திச் சேர்த்த நிம்மதி எல்லாம் அங்கேயே போய்விடும். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தில் சுடும் கருவி வைத்திருப்பார்கள், உலோகம் உடம்பில் இருந்தால் அந்த இடத்தில் தோல் சுட்டுவிடலாம், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள். மெட்டிக்கும் தாலிக்கும் இதே காரணம்தான். காரணத்தை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தாலிக்குப் பதிலாக வெறும் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள்.

அன்றைக்கு எத்தனை மணிக்கு உள்ளே அழைப்பார்கள் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, முன்னால் இருக்கும் கேஸ் நீண்டால் நீங்களும் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் கவுன் மாற்றியதும் ஒருமுறை 10 நிமிடம், பிறகு அரைமணிக்கு ஒருமுறை, ஸ்ட்ரெச்சர் வந்ததும் வாசல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு மேல் உங்களை விடமாட்டார்கள். அங்கே நிற்கும் சிஸ்டரிடம், "அம்மாவுக்கு இந்த இடத்துல விரல் வெச்சா பயம் குறையுது, முடிஞ்சா கொஞ்சம் வெச்சிருங்க சிஸ்டர்" என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். கை ஓய்வாக இருந்தால் அவர் செய்வார். அவருக்கு நேரமில்லை என்றால் அம்மாவே வென்ஃப்ளான் இல்லாத கையின் நடுவிரலால் செய்துகொள்ளலாம், அதை மட்டும் இந்த ஒரு வாரத்தில் பழக்கிவிடுங்கள்.